வேதுக் கூடாரம்

கெல்லிவில்லில் நாலு அறை வீடும் சுவாமி அறையும் கட்டி முடித்தவர்களுக்கு அதற்குப் பிறகு என்ன செய்வதென்று தெரிவதில்லை. சிலர் மரதன் ஓடுகிறார்கள். சிலர் தேனீ வளர்க்கிறார்கள். நரசிம்மன் வியர்வைக் கூடாரம் போட்டார்.

நரசிம்மன் கோயம்புத்தூர்க்காரர். கணினிக் கொம்பனி ஒன்றில் பத்துப் பதினைந்து பேரை மேய்க்கிற உத்தியோகம். பைரன் பேயில் ஒரு வாரக்கடைசி முகாமுக்குப் போயிருக்கிறார். அங்கே ஒரு வெள்ளைக்காரன் தலையில் இறகு செருகிக்கொண்டு இந்தச் சடங்கை நடத்தினானாம். அவன் அதை அமெரிக்காவின் ஆதிக்குடிகளிடம் படித்தானாம். படித்தானோ, தூக்கிக்கொண்டு ஓடி வந்தானோ, நான் கண்டேனா. போகும்போது மனேஜராகப் போன மனிதர் வரும்போது குருவாக வந்தார். குராஜோங்கில் அவருக்கு ஒரு காணி இருந்தது. அங்கே கூடாரத்தை அடித்துவிட்டு, துக்கம், நித்திரையின்மை, முழங்கால் வலி எல்லாவற்றுக்கும் இதுதான் மருந்தென்று தமிழ்ச் சனத்தைக் கூப்பிடத் தொடங்கினார்.

சடங்கில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வேலைத்தலத்தில் தேத்தண்ணி நேரத்தில் கைபேசியில் தேடிப் பார்த்தேன். அந்த ஆதிக்குடிகளில் ஒரு கிழவர் கமராவைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துப் பேசினார். வளைத்துக் கட்டிய தடிகள் தாயின் விலா என்றார். உள்ளே இருக்கிற இருட்டு அவள் வயிறு. நெருப்பில் காய்ச்சிக் கொண்டுவருகிற கல்லுகள் பாட்டன்மார். அவர்கள் தங்களிடமுள்ள சூட்டை எங்களுக்குத் தந்துவிட்டுப் போகிறார்கள். பெரியவன் சின்னவன் எல்லாரும் தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். உள்ளே ஒருவன் தனக்காக மட்டும் வேர்ப்பதில்லை, முழுச் சனத்துக்காகவும் வேர்க்கிறான், அவனுடைய துக்கத்தைப் பக்கத்தில் இருக்கிறவன் பாதி சுமக்கிறான் என்றார். எனக்கு உடம்பு புல்லரித்தது. அந்தக் கிழவரின் கோயில் நரசிம்மனின் கைக்கு வந்து சேர்ந்தபோது பிளாஸ்டிக் குழாயும், வீடு மாறுகிறவர்கள் தளபாடம் சுற்றுகிற சாம்பல் கம்பளியுமாக இருந்தது.

எனக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், கார்தான் சம்பந்தம். என் பெயர் மாக்கிறேட். சொந்த இடம் மன்னார். முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை. செவன் ஹில்ஸில் எனக்கு அடுத்த வீடு அருந்தவனும் தாட்சாயினியும். அருந்தவன் மட்டைப் பெட்டி செய்கிற ஒரு தொழிற்சாலையில் மிசின் ஓட்டுகிறவன். அவனுடைய தம்பி நிதுஷன் செத்து மூன்று கிழமை ஆகியிருந்தது.

நிதுஷன் படகில் வந்த பிள்ளை. விசாவுக்குக் காத்துக் காத்தே தலைமயிர் கொட்டிப்போனது. மெரிலேண்ட்ஸில் யாரோ ஒருவருடைய கராஜைத் தடுத்து அறையாக்கியதில் இருந்தான். இழுப்பு நோய்க்காரன். ஒரு விடியப்புறம் இழுப்பு வந்து, பக்கத்தில் ஒருவரும் இல்லாமல், அப்படியே போய்விட்டான். செத்தவீட்டில் தமிழ் ஒன்றியங்கள் ஆளுக்கொரு மலர்வளையம் வைத்தன. அவன் உயிரோடு இருந்தபோது கராஜுக்கு ஒரு கூடை தோடம்பழம் கொண்டு போனவர் இல்லை.

அன்றிலிருந்து அருந்தவன் வாய் திறக்கவில்லை. அழவும் இல்லை. வேலைக்கு லீவு போட்டுவிட்டு, உடுப்புக் காயப்போடுகிற கம்பிக்குக் கீழே கதிரையைப் போட்டு, இங்கே குளிர்காலமான யூலை மாதக் காற்றில் ஒற்றைச் சேட்டோடு இருந்தான். கேட்டால் "ம்". சோறு போட்டால் இரண்டு வாய். டொக்டர் குளிசை எழுதிக் கொடுத்தார். போனில் ஆலோசனை சொல்லுகிற ஒருத்தி மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் கதைத்தாள். இவன் எல்லாவற்றுக்கும் "ஓகே, ஓகே" என்றான். தாட்சாயினி கார்ச் சாவியை அரிசிப் பேணிக்குள் ஒளித்து வைத்தாள்.

"எனக்குப் பயமாக் கிடக்கு மாக்கிறேட் அக்கா," என்று வேலிக்கு மேலால் சொன்னாள். "தம்பி போன வழியிலை இவரும் போயிடுவாரோ எண்டு இரவிலை மூச்சு வருதோ எண்டு மூக்குக்குக் கீழை கை வைச்சுப் பாக்கிறன். ஒரு வார்த்தை கதைச்சார் எண்டாப் போதும். என்னை ஏசினாலும் காரியமில்லை. ஆள் திரும்பி வந்திட்டார் எண்டு விளங்கும்."

இந்த நேரத்தில்தான் யோகா அன்ரி வந்தா. யோகா, மூத்தோர் ஒன்றியத் தலைவர் சிறி அங்கிளின் மனைவி. செத்தவீட்டுத் துடக்கு முப்பத்தோராம் நாள் முடியும்வரை இருக்கிறபடியால் வீட்டுக்குள் வரவில்லை. துடக்கு வீட்டில் தண்ணியும் வாயில் வைக்கமாட்டா. கேற்றடியில் நின்றுகொண்டே அனுதாபம் தெரிவித்தா.

"நரசிம்மன் சேர் செய்யிற உது எங்கடை வேது பிடிக்கிறதுதான் தாட்சா," என்றா. கொதிக்கிற தண்ணியின் ஆவியைப் போர்வைக்குள் இருந்து பிடிப்பதை நாங்கள் வேது என்போம். "பிள்ளைப்பெத்தவையை வேது பிடிக்க வைக்கிறேல்லையே, அதே சாமான். ஆனா கூடாரத்துக்கை, கனபேர் சேந்து இருந்து பிடிக்கிறது. மனப்பாரமெல்லாம் வேர்வையோடை வடிஞ்சு போமாம்."

"இவருக்குச் சுகம் வருமோ அன்ரி?"

"ஏன் வராது? எங்கடை ஆக்கள் சனிக்கிழமை போகினம். எங்கடை இவர்தான் ஒழுங்கு செய்தவர். உங்கடை முப்பத்தொண்டு முடியட்டும், பிறகு யோசிப்பம்."

முப்பத்தொன்றுவரை பொறுக்கத் தாட்சாயினியால் முடியாது. அவளே நரசிம்மனுக்குப் போன் எடுத்தாள். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"தம்பி செத்த கவலையிலை இவர் கதைக்கிறாரில்லை சேர்," என்றாள்.

"அப்போ கண்டிப்பா கூட்டிட்டு வாங்க மேடம். இதுவே அவருக்காகத்தான். அங்க ஜாதி, மதம், நாடு எதுவும் கிடையாது. எல்லாரும் ஒரே தாய் வயித்துக் குழந்தைங்க."

போனை வைத்துவிட்டு அவள் அழுதாள். மூன்று கிழமையில் முதல்முறையாக ஒருவர் "கூட்டிட்டு வாங்க" என்றாரே என்று அழுதாள். அவளுக்குப் பெருந்தெருவில் கார் ஓட்டப் பயம், அருந்தவனை நம்பிச் சாவி கொடுக்க முடியாது. ஆகவே சனிக்கிழமை காலை நான் சாரதி. அவர்களுடைய மகள் நிரூபாவை ரியூஷனில் இறக்கிவிட்டுப் புறப்பட்டோம்.

குராஜோங்கில் மேல்காற்று தோலை உரித்தது. மலைச்சரிவு முழுக்க யூக்கலிப்டஸ் சருகு, நேற்றைய மழைச் சேறு. நடுவில் கூடாரம், இடுப்பளவு உயரம். அதற்கு முன்னால் ஒரு குழியில் பெரிய நெருப்பு. அதற்குள் கல்லுகள். ஒன்றியத்து ஆட்கள் ஏற்கெனவே வந்திருந்தார்கள். வேட்டி கட்டினவர்கள், பழைய சாறி உடுத்தவர்கள், எல்லாருக்கும் மேலால் குளிர்கோட்டு. குத்துவிளக்கு வந்திருந்தது. தேங்காய் வந்திருந்தது. யோகா அன்ரி நெருப்புச் சாம்பலைக் காட்டி, "சேர், இதைத் திருநீறாப் பூசலாமோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தா.

நரசிம்மன் முதலில் கைபேசியைப் பார்த்து இந்த நிலத்தின் பூர்வீகச் சொந்தக்காரர்களுக்கு மரியாதை வாசித்தார். வாசித்து முடித்த கையோடு, அந்தப் பூர்வீகச் சொந்தக்காரர்களின் மரத்தில் ஒரு கொப்பை முறித்து நெருப்புக்குள் போட்டார். பிறகு பிரசங்கம் தொடங்கியது.

"நாலு சுத்து இருக்கு. முதல் சுத்துல நமக்காக வேண்டிக்கிறோம். ரெண்டாவது மத்தவங்களுக்காக. மூணாவது இறந்தவங்களுக்காக. நாலாவது நன்றி சொல்றதுக்கு. உள்ள போறப்பவும் வெளிய வர்றப்பவும் 'என் உறவுகள் எல்லாருக்காகவும்'னு சொல்லணும். யார் பேசினாலும் குறுக்க பேசக் கூடாது. முடிச்சதும் எல்லாரும் சேர்ந்து 'கேட்டோம்'னு சொல்லணும். அவ்ளோதான். அறிவுரை கிடையாது. தீர்ப்பு கிடையாது. உள்ள டாக்டரும் இல்ல, கிளீனரும் இல்ல. எல்லாரும் சமம். நம்ம சித்தர்கள் இதத்தான் சொன்னாங்க."

எந்தச் சித்தர், எங்கே சொன்னார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாரும் தலையாட்டினார்கள். அப்போதுதான் சிறி அங்கிள் திரும்பி, எங்களைக் கண்டார்.

"தம்பி அருந்தவன், நீர் எங்கை இஞ்சாலை?"

அருந்தவன் சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான். தாட்சாயினிதான் பதில் சொன்னாள். "சேர் வரச் சொன்னவர் அங்கிள்."

சிறி அங்கிள் நரசிம்மனின் கையைப் பிடித்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போனார். இரகசியம் பேசுகிற பாவனை. பத்துப் பேருக்குக் கேட்டது.

"சேர், உவை துடக்குக்காரர். தம்பி செத்து முப்பத்தொண்டு முடியேல்லை. நாங்கள் உள்ளுக்கை விளக்குக் கொளுத்தித் தேவாரம் படிக்கப்போறம். துடக்கோடை எப்பிடி?"

"துடக்குன்னா?"

"செத்தவீட்டுத் தீட்டு."

"ஓ, தீட்டா," என்றார் நரசிம்மன். முகம் மாறிவிட்டது. தோசைக்குச் சம்பலா சட்னியா என்பதில்கூட ஒத்துப்போகாத இரண்டு நாட்டுத் தமிழரும் இதில் ஒரு நொடியில் ஒத்துப்போனார்கள். "தம்பி இறந்துட்டாருன்னு சொன்னாங்க. தீட்டுன்னு சொல்லலியே."

எனக்குப் பொறுக்கவில்லை. "சேர், இப்பத்தான் எல்லாரும் ஒரு தாய் வயித்துப் பிள்ளையள் எண்டனீங்கள். அந்த வயித்துக்கை இவனுக்கு மட்டும் இடமில்லையோ?"

"மேடம், எனக்குப் பர்சனலா ஒண்ணும் இல்ல. ஆனா குரூப்போட சென்டிமென்டையும் நாம மதிக்கணும் இல்லையா."

"இந்தக் கூடாரம் உங்கடை சாத்திரத்திலை இல்லையே. அது அமெரிக்காச் சனத்தின்ரை எல்லோ. அவையிட்டைத் துடக்கு இருக்கோ எண்டு ஆரையும் கேட்டனீங்களோ?"

"மாக்கிறேட், நீங்கள் வேதக்காரர்," என்றார் சிறி அங்கிள். "உங்களுக்கு இது விளங்காது."

விளங்கத்தான் செய்தது. எங்கள் மாதா கோயிலிலும் கதிரை வரிசையில் யார் யாருக்குப் பக்கத்தில் இருப்பதில்லை என்று எனக்குத் தெரியும். எருமை எங்கே படுத்தாலும் சேற்றில்தான் படுக்கும். இந்தச் சனத்தைச் சந்திரனில் கொண்டுபோய் இறக்கினாலும் முதலில் யார் எங்கே நிற்கக்கூடாது என்றுதான் கோடு கீறும்.

தாட்சாயினி கும்பிட்டாள். "அங்கிள், அவர் சாப்பிட்டு எத்தினை நாள். ஒருக்கா உள்ளுக்கை விடுங்கோ. நான் வரேல்லை, வெளியிலை நிக்கிறன்."

"பிள்ளை, நானோ சாத்திரம் எழுதினனான்? நாளைக்கு இந்தச் சனத்திலை ஆருக்கும் ஒண்டு நடந்தா ஆர் பதில் சொல்லுறது?"

நரசிம்மனுக்குத்தான் யோசனை உதித்தது. மனேஜர் அல்லவா, எந்த அசிங்கத்துக்கும் ஒரு பதவிப்பெயர் வைத்திருப்பார். "ஒரு ஐடியா. வெளிய நெருப்பைப் பாத்துக்க ஒருத்தர் வேணும். கல்லு கொண்டுவந்து தரணும், கதவத் திறந்து மூடணும். ஃபயர் கீப்பர். ரொம்பப் புனிதமான பொறுப்பு. வர்றேன்னு சொன்ன ஆளு கார் ரிப்பேர்னு வரல. அருந்தவன் சார் அதப் பண்ணட்டுமே."

உள்ளே இருக்கத் துடக்கு. உள்ளே இருக்கிறவர்களுக்குக் கல்லுச் சுமக்கத் துடக்கில்லை. ஒருவருக்கும் அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. "அது நல்லது, அது நல்லது," என்றார்கள். அருந்தவன் மண்வெட்டியையும் கல்லுத் தூக்குகிற நீளக் கவர்முள்ளையும் எடுத்துக்கொண்டான்.

கோட்டுகளைக் கழற்றிக் கொப்புகளில் தொங்கவிட்டுவிட்டு ஒவ்வொருவராகத் தவழ்ந்து உள்ளே போனார்கள். "என் உறவுகள் எல்லாருக்காகவும்" என்று ஒவ்வொரு பின்புறமும் சொல்லிக்கொண்டு போனது. என்னையும் கூப்பிட்டார்கள். எனக்குப் பிரஷர் என்று சொல்லிவிட்டுத் தாட்சாயினியோடு ஒரு மரக்குற்றியில் இருந்தேன். பிரஷர் உண்மைதான், அவர்களால் வந்தது.

அருந்தவன் சிவந்த கல்லுகளைக் கவரில் ஏந்திக் கொண்டுபோய், கம்பளித் திரையைத் தூக்கி, உள்ளே குழிக்குள் வைத்தான். திரை விழுந்தது. தண்ணி ஊற்றுகிற சீறல் கேட்டது. பிறகு தேவாரம், இருமல், "அம்மாடி, என்ன சூடு" என்கிற குரல். கம்பளிக்கு எதையும் மறைக்கத் தெரியாது, எல்லாம் வெளியே கேட்டது.

முதல் சுற்றில் முழங்கால்கள் வந்தன. சீனி வியாதி வந்தது. "கேட்டோம்." இரண்டாம் சுற்று மற்றவர்களுக்காக. மற்றவர்கள் என்றால் சொந்தப் பிள்ளைகள். ஒருவரின் மகனுக்கு நல்ல பள்ளிக்கூடம் கிடைக்க வேண்டும், இன்னொருவரின் மகளுக்கு எங்கள் ஆட்களுக்குள் மாப்பிள்ளை கிடைக்க வேண்டும். "கேட்டோம்." ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் அருந்தவன் திரையைத் தூக்கினான், ஆவி வந்தது, கல்லு வைத்தான், திரையை விட்டான். முகம் நெருப்புப் பக்கம் வேர்த்தும் காற்றுப் பக்கம் காய்ந்தும் இருந்தது. தாட்சாயினி பிளாஸ்கில் கொண்டுவந்த தேத்தண்ணியை நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

மூன்றாம் சுற்று, இறந்தவர்களுக்கு. சிறி அங்கிள் தொண்டையைச் செருமினார். செத்தவீடுகளில் ஒலிவாங்கி பிடித்துப் பழகிய தொண்டை.

"அமரர் நிதுஷனை இந்த வேளையிலை நினைச்சுக்கொள்ளுறம். அகதியா வந்த பிள்ளை. எண்டாலும் அவன் அநாதை இல்லை. தமையன்ரை வீடு அவன்ரை வீடா இருந்தது. தாட்சாயினிப் பிள்ளை அவனைப் பெத்த தாய்மாதிரிப் பாத்தவ. அந்தக் குடும்பம் அவனைக் கைவிடேல்லை. அவன்ரை ஆத்மா சாந்தியடையோணும்."

"கேட்டோம்," என்றது கூடாரம்.

அவனுக்காகக் கும்பிடலாம், அவனுடைய தமையனைப் பக்கத்தில் இருத்த முடியாது. எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்துவிட்டேன். ஆனால் நான் வாயைத் திறக்க முன்னர் வேறொரு குரல் கேட்டது. அது அருந்தவனின் குரல் என்று அறிய எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"பொய்," என்றான்.

கவரில் இருந்த கல்லைத் திரும்ப நெருப்புக்குள் போட்டான். கூடார வாசலுக்கு முன்னால் சேற்றில் இருந்தான்.

"பொய். என்ரை வீடு அவன்ரை வீடில்லை. அவன் கேட்டவன். கராஜ் சுவரெல்லாம் ஈரம் அண்ணை, பூஞ்சணம் பிடிச்சுக் கிடக்கு, இரவிலை இழுப்பு வருது, உங்கடை முன்னறையிலை கொஞ்ச நாளைக்கு இருக்கட்டோ எண்டு கேட்டவன்."

"ஆரது கதைக்கிறது?" என்று உள்ளே ஒரு குரல்.

"ஷ், பேசட்டும். குறுக்க பேசக் கூடாது," என்றார் நரசிம்மன். அன்று முழுக்க அவர் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

தாட்சாயினி என் கையைப் பிடித்தாள். "கதைக்கிறார் அக்கா," என்றாள் மெதுவாக. அவளுடைய முகத்தில் அப்படி ஒரு சந்தோசம்.

"நான் ஓம் எண்டும் சொல்லேல்லை, இல்லையெண்டும் சொல்லேல்லை," என்றான் அருந்தவன். "அண்ணியிட்டைக் கேட்டுச் சொல்லுறன் எண்டன். கேக்கேல்லை. அவன் வீட்டிலை வந்து இருக்கிறது எனக்குத்தான் விருப்பமில்லை. பகல் முழுக்க மிசின் சத்தம், வீட்டை வந்தா எனக்கு ஒரு சத்தமும் கேக்கக்கூடாது. அவன் இருந்தா ஊர், காம்ப், விசா எண்டு இரவிரவாக் கதைப்பான். கதைக்க ஆளில்லாத பெடியன், கதைக்கத்தானே செய்வான். அதைச் சொல்ல எனக்கு வெக்கம். பிறகு திருப்பிப் போன் எடுத்தான். அண்ணை, என்ன மாதிரி எண்டு கேட்டான்."

உள்ளே இருந்தவர்களின் மூச்சு எனக்குக் கேட்டது.

"அண்ணிக்கு விருப்பமில்லையாமடா எண்டு சொன்னன். குமர்ப்பிள்ளை இருக்கிற வீட்டிலை வேறை ஆம்பிளை வேண்டாமாம் எண்டு அண்ணி சொல்லுறா எண்டன். அவன் கோவிக்கேல்லை. அண்ணி சொன்னாச் சரி அண்ணை எண்டான். அதுக்குப் பிறகு எங்கடை வாசல் மிதிக்கேல்லை."

தாட்சாயினியின் கை என் கையிலிருந்து கழன்றது.

உள்ளே ஒருவர் தொடங்க, மற்றவர்கள் முன்பின்னாகச் சேர்ந்துகொண்டார்கள். "கேட்டோம்."

"நான் எப்ப அப்பிடிச் சொன்னனான்?" என்று தாட்சாயினி கேட்டாள். நின்ற இடத்திலிருந்தே கேட்டாள்.

"நீர் சொல்லேல்லை தாட்சா. உம்மிட்டை நான் கேக்கவே இல்லை."

"அவன் என்னைப் பற்றி என்ன நினைச்சுக்கொண்டு செத்திருப்பான்?"

அருந்தவன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினான். மூன்று கிழமை அழாத அழுகை, மாடு கதறுவதுபோல் வந்தது. உள்ளே இருந்தவர்களுக்குச் சூடு தாங்கவில்லை. "கதவைத் திறவுங்கோ, மூச்சு முட்டுது," என்று யோகா அன்ரி கத்தினா. திரையின் ஓரத்தை அழுத்திக்கொண்டு அருந்தவன் இருந்தான், அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் அவியட்டும் என்று எனக்கு ஓர் எண்ணம் வந்ததை மறைக்க மாட்டேன். பிறகு போய் அவனைத் தோளில் பிடித்து அரக்கிவிட்டுத் திரையைத் தூக்கினேன்.

தவழ்ந்து தவழ்ந்து வெளியே வந்தார்கள். வேர்வையும் சேறுமாக, மூச்சு வாங்க, "என் உறவுகள் எல்லாருக்காகவும்" என்றார்கள். ஒருவரும் அருந்தவனின் முகத்தையோ தாட்சாயினியின் முகத்தையோ பார்க்கவில்லை. சிறி அங்கிள் துவாயால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு யோகா அன்ரியிடம் கேட்டார்.

"அவர் வெளியிலைதானே இருந்து கதைச்சவர். அப்ப எங்களுக்குத் துடக்கு வராது, என்ன?"

"எண்டாலும் முழுகுவம்," என்றா யோகா அன்ரி.

எல்லாரும் தண்ணித் தாங்கிப் பக்கம் போனார்கள். அந்தக் குளிரில், பச்சைத்தண்ணியில், ஒருவருக்கொருவர் வாளியால் ஊற்றிக்கொண்டு நடுங்கி நடுங்கி முழுகினார்கள். ஒரு பெடியன் கராஜுக்குள் மூச்சில்லாமல் செத்த கதையைக் கேட்டவர்கள் அவர்கள். அதைக் கழுவிக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போக அவர்களுக்கு ஒரு வாளி போதுமாக இருந்தது.

நரசிம்மன் என்னிடம் வந்தார். முகம் மலர்ந்து கிடந்தது. "பாத்தீங்களா மேடம், ஒர்க் ஆயிடுச்சு. பேசாத மனுசன் பேசிட்டாரு. வெளிய உக்காந்தே இவ்ளோ பவர்னா, உள்ள இருந்திருந்தா யோசிச்சுப் பாருங்க. ரெண்டு வார்த்தை வீடியோல சொல்வாரா? மத்தவங்களுக்கு ஒரு நம்பிக்கை வரும்."

நான் சொன்ன பதில் அச்சில் வரக்கூடிய பதில் அல்ல. அவர் போனைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு இரண்டு அடி பின்னால் போனார்.

திரும்பி வரும்போது அருந்தவன் என் பக்கத்தில் முன் சீற்றில் இருந்தான். விண்ட்சர் றோட் முழுக்கக் கதைத்தான். நிதுஷன் சின்ன வயதில் வேப்பமரத்தால் விழுந்தது, பள்ளிக்கூடத்தில் ஓட்டப்போட்டியில் சப்பாத்தில்லாமல் ஓடியது, இங்கே வந்து முதன்முதல் வாங்கிய ஜக்கற். அழுதான், மூக்கைச் சிந்தினான், திரும்பவும் கதைத்தான். நெஞ்சு இலேசாகிவிட்டது அக்கா என்றான். அவனைப் பார்த்தால் காய்ச்சல் விட்டுப்போன ஆள் மாதிரி இருந்தது. தாட்சாயினி பின் சீற்றில் யன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு இருந்தாள். நான் கண்ணாடியில் இரண்டுதரம் பார்த்தேன். இரண்டாம் தரம் பார்த்ததற்குப் பிறகு பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என்னையும் உள்ளே வரச் சொன்னாள். தனியாக அவனோடு உள்ளே போக அவளுக்கு ஏலாமல் இருந்தது என்று நினைக்கிறேன். குசினி மேசையில் இருந்தோம். அருந்தவன் முகம் கழுவிவிட்டு வந்து கதிரையை இழுத்துப் போட்டு இருந்தான்.

"பசிக்குது தாட்சா," என்றான்.

இந்த ஒரு சொல்லுக்காக அவள் எத்தனை நேர்த்தி வைத்தாள் என்று எனக்குத் தெரியும். அவள் எழுந்து போய்க் குளிர்ப்பெட்டியைத் திறந்து, ஒரு மூடி போட்ட பெட்டியை எடுத்து அவனுக்கு முன்னால் வைத்தாள். கரண்டியும் வைத்தாள்.

"இது வெள்ளிக்கிழமைச் சோறு," என்றாள். குரல் உயரவில்லை. "வெள்ளிக்கிழமையளிலை அவன் வருவான் எண்டு ஒரு பெட்டி எடுத்து வைக்கிறனான். வராட்டி சனிக்கிழமை ஓவர்ரைமுக்குப் போகேக்கை உங்களுக்குத் தந்து விடுறனான். ஒரு வருசமா நீங்கள் அதைத் திண்டனீங்கள். நிதுவுக்கு என்மேலை என்ன கோபம், ஏன் வாறானில்லை எண்டு ஒவ்வொருதரமும் கேட்டனான். வேலை கூடவாம் எண்டு சொன்னனீங்கள். செத்தாப் பிறகும் படைச்சுப்போட்டு எடுத்து வைக்கிறன். இது நேற்றையான். சாப்பிடுங்கோ."

அவன் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் அவனுக்கு ஒரு உதவியும் செய்யவில்லை.

தாட்சாயினி அவனுக்கு எதிர்க்கதிரையில் இருந்து, கைகளை மேசையில் வைத்துக்கொண்டு, அவனையே பார்த்தாள்.

அவன் மூடியைத் திறந்தான். கத்தரிக்காயும் பருப்பும். சோறு குளிரில் கட்டிபட்டுக் கிடந்தது. சூடாக்கித் தா என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. வேண்டாம் என்று தள்ளி வைக்கவும் வரவில்லை. கரண்டியால் சோற்றைக் குத்தி உடைத்துவிட்டு, குனிந்து சாப்பிடத் தொடங்கினான்.